கேப் டவுனின் புதிய போர் நினைவிடம்: இத்தனை பேருக்கும் வெறும் மரக்கம்பமா?

மேசைமலை முகிலன் (கேப் டவுன்)

நம் குழுவில் கேப் டவுன்காரர்கள் குறைவு. அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரி 22 அன்று இங்கே கம்பெனித் தோட்டம் என்ற பொதுப் பூங்காவில் ஒரு போர் நினைவிடத்தை பிரிட்டிஷ் இளவரசி ஆன் திறந்து வைத்தார். முதல் உலகப் போரில் தென்னாப்பிரிக்கப் படையோடு போய், ஆப்பிரிக்க மண்ணிலேயே இறந்த 1,772 பேருக்கானது. பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. மூட்டை சுமந்தார்கள், மாட்டு வண்டி ஓட்டினார்கள், பாதை போட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்பதற்குத் தடயம் இல்லை. நூறு வருடமாக எந்த நினைவுச் சின்னத்திலும் அவர்கள் பெயர் கிடையாது. இப்போது ஆளுக்கு ஒரு ஈரோக்கோ மரக்கம்பம் நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரையும் இறந்த நாளையும் போட்டிருக்கிறார்கள். செய்தது இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பேரரசுப் படைகளில் இறந்தவர்களின் கல்லறைகளையும் நினைவிடங்களையும் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். வடிவமைத்தது டர்பனில் இருக்கும் டீன் ஜே கட்டடக் கலை நிறுவனம்.

இதைச் செய்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. செய்த விதத்தில்தான். அதே தோட்டத்தில் டெல்வில் வுட் சண்டைக்கான நினைவுச் சின்னமும் இருக்கிறது. 1916இல் பிரான்சில் அந்தக் காட்டில் மடிந்த வெள்ளைப் படைக்காக எழுப்பியது. கல்லும் வெண்கலமும். அதைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் பாதி வேலையில் ஆள் போய்விட்ட வேலி மாதிரி இருக்கிறது. அணிலுக்குக் கடலை போட வந்தவர்கள் கம்பங்களுக்கு நடுவே நடந்து போகிறார்கள். நின்று படிப்பவர்கள் குறைவு. வெள்ளையருக்குக் கல், கறுப்பருக்குக் கட்டை. இதைத்தானே நூறு வருடம் கழித்துத் திருத்த வந்தார்கள்?

நான் தேனிப் பக்கத்தவன். புலிமான்கோம்பையில் 2006இல் கண்டுபிடித்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. ஆநிரைச் சண்டையில் செத்த ஒருவனின் பெயர் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் நின்றது, அது கல்லில் இருந்ததால். மரத்தில் எழுதியிருந்தால் இன்று நமக்குத் தெரிந்திருக்குமா?

டொங்காட் பார்வதி

தம்பி முகிலன், வேலி என்ற சொல்லைப் படித்ததும் கோபம் வந்தது. படங்களைப் பார்த்தபின் உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கல் பெயரைக் காப்பாற்றும் என்கிறீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் அப்சர்வேட்டரி மலைமுகட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் இங்கே நடந்த போயர் போரில் இறந்த இந்தியப் படையினருக்கு அங்கே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. நல்ல கல், நல்ல இடம். அதில் என்ன எழுதியிருக்கிறது? பிரிட்டிஷ் அதிகாரிகள், இந்தியச் சிப்பாய்கள், கால்நடை மருத்துவ உதவியாளர்கள், லாடம் கட்டுபவர்கள், படையின் பின்னால் போன வேலைக்காரர்கள் என்று வகை வகையாக எழுதியிருக்கிறது. பக்கங்களில் முசல்மான், இந்து, சீக்கியர், கிறிஸ்தவர் என்று மதங்கள். பதவி உண்டு, மதம் உண்டு, லாடம்கூட உண்டு. லாடம் கட்டியவன் யார் என்று கேட்டால் அந்தக் கல்லிடம் பதில் இல்லை.

உங்கள் நடுகல்லுக்கும் ஒன்று சொல்கிறேன். நம் முன்னோர் ஊர் மன்றத்தில் கந்து என்ற மரத்தூணை நட்டு, அதில் தெய்வம் உறைவதாக வணங்கியவர்கள்தான். மரம் என்றாலே மட்டம் என்பது நம் பழக்கம் இல்லை. அது நாம் வெள்ளைக்காரன் கட்டிய நகரங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மரியாதை.

இழைப்புளி (பீனிக்ஸ்)

அரசியலை நீங்கள் பேசுங்கள். நான் மரத்தைப் பற்றிப் பேசுகிறேன். பல வருடமாக இந்த மரத்தை அறுத்து, இழைத்து, அதன் தூளில் தும்மிக் கொண்டிருப்பவன் நான். ஈரோக்கோ தூள் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடி இல்லாமல் அறுத்தவனுக்கு அது மறக்காது.

ஈரோக்கோ சும்மா கட்டை இல்லை. தேக்குக்குப் பதிலாகப் படகுக்கும் வெளிவாசல் கதவுக்கும் போடுகிற மரம். வைரம் என்கிற உள்மரத்தில் எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் சுலபமாகத் தொடாது. புதிதில் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். எண்ணெய் பூசாமல் வெயிலில் விட்டால் சாம்பல் வெள்ளிக்கு மாறிவிடும். அது அழுகல் இல்லை, தோல் மட்டும்தான் நிறம் மாறுகிறது. இன்னொன்று. கல் கல் என்கிறீர்களே முகிலன், இந்த மரத்துக்குள்ளேயே கல் இருக்கிறது. சுண்ணாம்புக் கட்டி சில இடங்களில் உள்ளே உறைந்து கிடக்கும். வெளியிலிருந்து தெரியாது. ரம்பம் அதில் போய் இடித்தால் பல் மழுங்கிவிடும், அன்றைய கூலி அதோடு போச்சு.

இந்த மரத்தைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ம்வூலே என்பார்கள். தான்சானியாவில் தானாக வளர்வது. அந்த ஆட்களில் பலர் செத்தது அந்தப் பக்கம்தானே, அப்போதைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில். இதை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்களா என்று கேட்காதீர்கள். நான் இருந்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கம்பம் மேலே சாகாது, தரையைத் தொடுகிற இடத்தில்தான் சாகும். கேப் டவுனில் மழை குளிர்காலத்தில் வரும், அப்புறம் கோடை முழுக்கத் தென்கிழக்குக் காற்று காயவைக்கும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் எந்த மரமும் வெடிக்கும். அடியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அந்தக் கம்பம் நம் பேரன் காலத்தையும் பார்க்கும். ஆள் இல்லாவிட்டால் முகிலன் சொன்ன வேலிதான்.

சாட்ஸ்வர்த் சேகர்

கல், மரம் இரண்டும் வேண்டாம். ஒரு ஆள் வேண்டும்! தலையில் மூட்டையோடு ஒரு மனிதன், பக்கத்தில் மாட்டு வண்டி, நுகத்தடி. ஆளுயரத்துக்கு வெண்கலத்தில் வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்ததும், "இவர் யாரு?" என்று கேட்கும். கம்பத்தைப் பார்த்து எந்தப் பிள்ளை கேட்கும்?

டர்பன் ஃபேர்வெல் சதுக்கத்தில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். 1926இல் திறந்தது. வண்ணப் பீங்கானில் இரண்டு தேவதைகள் இறந்த வீரனின் ஆன்மாவைத் தூக்கிக் கொண்டு போகிற காட்சி. பளிச்சென்று நீலமும் மஞ்சளும். இன்றும் டாக்சிக்கு நிற்பவன்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறான். கோபுர நிறத்தில் வளர்ந்த நமக்கு அது பிடிக்காமல் எப்படி இருக்கும்? இந்தக் காலத்துக் கட்டடக்காரர்களுக்கு உருவம் என்றாலே அலர்ஜி. நாலு கம்பம் நட்டு, பக்கத்தில் ஒரு பலகையில் விளக்கம் எழுதிவிடுவார்கள். விளக்கம் தேவைப்படுகிற நினைவிடம் பாதி தோற்ற நினைவிடம்.

நாடோடி கணேசன் (ஜோகன்னஸ்பர்க்)

சேகர் அண்ணா கேட்கிற சிலை ஏற்கெனவே இருக்கிறது. மூன்று ஊரில் இருக்கிறது.

லாரித் தொழிலில் தாரே சலாம் வரை போய்வருகிறவன் நான். அந்த ஊர் நடுவில் வட்டச் சந்திப்பில் அஸ்காரி சிலை நிற்கிறது. 1927இல் வைத்தது. வெண்கலத்தில் ஒரு ஆப்பிரிக்கச் சிப்பாய், துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டியபடி. சிலை அருமை, சந்தேகம் இல்லை. நைரோபியில் மூன்று உருவங்கள், அதில் ஒருவர் சுமைதூக்கி. மொம்பாசாவிலும் உண்டு. பீடத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படையின் கைகளும் கால்களுமாக இருந்த சுமைதூக்கிகளின் நினைவாக என்று இருக்கும். அதோடு விடவில்லை. உன் நாட்டுக்காகப் போரிட்டு நீ இறந்தாலும் உன் பிள்ளைகள் உன் பெயரை நினைவில் வைத்திருப்பார்கள் என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கும்.

அந்தப் பெயர்களை ஒரு இடத்தில்கூட அங்கே எழுதவில்லை! பெயரை உன் பிள்ளை நினைவில் வைத்துக் கொள்ளட்டும், நாங்கள் பொதுவாக ஒரு சிலை வைத்துவிடுகிறோம் என்று முடித்துவிட்டார்கள். அங்கிருந்த ஐரோப்பியர்களுக்குத் தனித்தனியாகக் கல்லும் பெயரும். சுமைதூக்கிகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வெண்கல ஆள். ஆளாளுக்குப் பெயர் எழுதாமல் தப்பிக்கக் கண்டுபிடித்த வழிதான் அந்தச் சிலைகள். அழகான வழி, அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆகவே கேப் டவுனில் சிலை வைக்காமல் விட்டது அந்த வடிவத்தின் பெரிய பலம் என்பேன்.

சாட்ஸ்வர்த் சேகர்

கணேசன், சிலையும் வைத்துப் பெயரும் எழுதினால் யார் கையைப் பிடிக்கப் போகிறார்கள்? வாஷிங்டனில் வியட்நாம் போர்ச் சுவர் வந்தபோது என்ன நடந்தது? 1982இல் திறந்தது. மாயா லின் என்ற பெண் வடிவமைத்தது. போட்டியில் வென்றபோது 21 வயதுக் கல்லூரி மாணவி. கறுப்புக் கிரானைட் சுவர், 58,000 பெயர்கள். போருக்குப் போய் வந்தவர்களே அதை அவமானத்தின் கறுப்பு வெட்டு என்று திட்டினார்கள். கடைசியில் 1984இல் பக்கத்தில் மூன்று வீரர்கள் சிலையும் கொடிக்கம்பமும் வைத்துச் சமாதானம் செய்தார்கள். ஏன் வைத்தார்கள்? ஜனங்களுக்கு முகம் வேண்டும். அது இயற்கை.

டொங்காட் பார்வதி

சேகர், கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இன்று அங்கே போகிறவர்கள் எங்கே நிற்கிறார்கள்? சுவரில்தான். காகிதத்தைப் பெயரின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். திட்டிய வாய்களே பிறகு பாராட்டின.

நிலா (பிரிட்டோரியா)

எல்லோரும் வடிவத்தையே பேசுகிறீர்கள். இந்தப் பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்பதையும் கொஞ்சம் பார்க்கலாமா? எங்கள் ஊர் ராணுவ ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகள் கிடந்தன. கையெழுத்தில் எழுதியவை. அவற்றைப் புரட்டித்தான் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்தார்கள். அதாவது 1914 முதல் 1918 வரை செத்தவர்களின் பெயர் அரசாங்கத்திடம் இருந்தது. எழுதிவைத்தது, கல்லில் போடவில்லை.

இதில் ஒரு கொடுமை உண்டு. பிரான்சுக்குப் போன கறுப்பினத் தொழிலாளர் படைக்கு இந்த நிலை இல்லை. 1917 பிப்ரவரி 21 அன்று அவர்களை ஏற்றிப் போன மெண்டி கப்பல் மூழ்கியதில் 600க்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கர்கள் இறந்தார்கள், உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் ஹாலிபுரூக் நினைவிடத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவில் செத்தால் பெயர் உண்டு, ஆப்பிரிக்காவில் செத்தால் இல்லை. நிறம் மட்டும் காரணம் இல்லை, எங்கே செத்தான் என்பதும் சேர்ந்தது.

2021இல் அதே ஆணையம் ஒரு குழு வைத்துத் தன் பழைய கணக்கைத் தானே ஆராய்ந்து வெளியிட்டது. முதல் போரில் குறைந்தது 1,16,000 பேர், அதிகபட்சம் 3,50,000 பேர் வரை பெயர் இல்லாமலோ, நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டிருக்கலாம் என்று அதில் இருக்கிறது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும். இதையும் அவர்களாக முன்வந்து செய்யவில்லை. 2019இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் பிரிட்டனில் சூடு கிளப்பிய பிறகுதான். அந்தக் கணக்கில் 1,772 என்பது ஒரு ஓரம்.

என் அபிப்பிராயம் கேட்டால், கம்பம் நல்ல யோசனை. சுவர் கட்டினால் எழுதி முடித்தாயிற்று என்று ஆகிவிடும். நாளைக்கு இன்னொரு பதிவேடு கிடைத்தால் இன்னொரு கம்பம் நட இடம் இருக்கிறது.

மேசைமலை முகிலன்

நிலா கொடுத்த விவரத்துக்கு நன்றி. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது.

1917இல் இந்த ஆணையம் தொடங்கியபோது, இறந்தவர்களுக்குள் பதவி, இனம், மதம் என்ற பேதம் இல்லை என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். அடுத்த வருடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் கென்யன் கொடுத்த அறிக்கையில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்று முடிவானது. உயரம் 81 சென்டிமீட்டர், அகலம் 38. ஜெனரலுக்கும் அதே, சமையல்காரனுக்கும் அதே. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் சிலுவை வேண்டும் என்று 8,000 கையெழுத்து வாங்கினார்கள். 1920 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அப்போதும் ஆணையம் இறங்கி வரவில்லை. தாயின் கண்ணீருக்கே வளையாத விதி, கறுப்பினத் தொழிலாளிக்கு வந்ததும் மட்டும், உள்ளூர்ப் பண்பாடு, ஆப்பிரிக்க மரம் என்று வளைகிறதே, ஏன்?

சமம் என்றால் சமம். அதே கல், அதே அளவு, அதே எழுத்து. வித்தியாசமாகச் செய்வதை மரியாதை என்று சொல்லிக் கொள்ளலாம். இதே நாட்டில் அரை நூற்றாண்டு காலம், தனியாக ஆனால் சிறப்பாக என்று சொல்லித்தான் பள்ளிக்கூடமும் ரயில் பெட்டியும் பிரித்தார்கள்.

நாடோடி கணேசன் (ஜோகன்னஸ்பர்க்)

கடைசி வரி கடுமை, முகிலன். திறப்பு விழாவுக்கு இறந்தவர்களின் குடும்பத்தாரும் வந்திருந்தார்கள். தாத்தாவின் அப்பா எங்கே போனார் என்றே தெரியாமல் இருந்தவர்களுக்கு ஒரு கம்பம் கிடைத்திருக்கிறது. அவர்கள் முன்னால் நின்று இதைச் சொல்வீர்களா?

மேசைமலை முகிலன்

சொல்வேன். அவர்களுக்குக் கிடைக்க வேண்டியது இதைவிடப் பெரியது என்றுதானே சொல்கிறேன்.

டொங்காட் பார்வதி

முகிலன் தம்பியின் வாதம் வலுவானது. பதில் சொல்லாமல் விட்டால் அது தப்பாகப் போய்விடும்.

அந்த 81 சென்டிமீட்டர் கல் யாருக்கு? உடல் கிடைத்தவனுக்கு. உடல் கிடைக்காதவனுக்கு வெள்ளைப் படையிலும் தனிக்கல் கிடையாது. பிரான்சில் நடந்த சோம் போரில் காணாமல் போனவர்கள் அங்கே தியப்வால் ஊரில் இருக்கும் நினைவு வளைவில் இருக்கிறார்கள். 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பிரிட்டிஷ் படையும் தென்னாப்பிரிக்கப் படையும் சேர்த்து. ரெஜிமென்ட் வாரியாக, பதவி வாரியாக, பலகை பலகையாக. டெல்வில் வுட்டில் செத்து உடல் கிடைக்காத வெள்ளைப் பையனின் பெயர் அந்தக் கூட்டத்தில் ஒரு வரி. அவன் பெயரைத் தேட அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டி, பலகை எண்ணைப் பார்த்து, கழுத்தை நிமிர்த்தித் தேட வேண்டும்.

கேப் டவுனில் உடல் கிடைக்காத மாட்டுவண்டிக்காரனுக்குத் தனியாக ஒரு கம்பம். அவனைக் கூட்டத்தில் கலக்கவில்லை. ஆணையத்தின் சொந்தக் கணக்கிலேயே பார்த்தால் இவனுக்குக் கிடைத்தது கூடுதல். நீங்கள் பொருளை மட்டும் பார்க்கிறீர்கள். நான் எத்தனை பேருக்கு எத்தனை இடம் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. துப்பாக்கி கொடுக்காமல் போருக்குக் கூட்டிப் போவது கறுப்பருக்கு மட்டும் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் நம்மவர்கள் இந்திய, மலாய்ப் படைப்பிரிவில் போனார்கள். அவர்களுக்கும் ஆயுதம் இல்லை. லாரி ஓட்டினார்கள், சமைத்தார்கள், காயம்பட்டவரைத் தூக்கினார்கள். என் அம்மாவின் மாமா ஒருவர் அப்படிப் போனவர். திரும்பி வந்தபோது அவரிடம் கதை நிறைய இருந்தது, கேட்க ஆள் இல்லை. அதனால் அந்தக் கம்பங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்நியர்களின் பெயர்களாகத் தோன்றவில்லை.

சாட்ஸ்வர்த் சேகர்

பார்வதி அக்கா நல்ல இடத்தில் கொண்டுவந்து விட்டீர்கள். நான் ஆரம்பத்திலிருந்து கேட்க நினைத்தது இதுதான். கேப் டவுன் கம்பத்துக்கு இவ்வளவு சண்டை போடுகிறோம். நம் டர்பன் இருக்கும் நேட்டாலில் நம் ஆட்களுக்கு என்ன செய்தோம்? போயர் போரில் 1899 டிசம்பரில் கொலென்சோ சண்டை, 1900 ஜனவரியில் ஸ்பியன் கோப் சண்டை. காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1,100 பேர். அதில் 800 பேர் கரும்புத் தோட்டத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் அனுப்பிய ஒப்பந்தக் கூலிகள். ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்து ஒரே நாளில் 20 மைலுக்கு மேல் நடந்தார்கள். போர் முடிந்ததும் பதக்கம் யாருக்கு? தலைவர்களாகப் போனவர்களுக்கு.

லேடிஸ்மித் ராஜா

எங்கள் ஊரிலிருந்து ஸ்பியன் கோப் பக்கம்தான். அந்தக் குன்றின் மேலே பிரிட்டிஷ் சிப்பாய்கள் சண்டைபோட்ட பதுங்குகுழியையே கல்லறையாக மூடி, ஓரத்தில் வெள்ளைக்கல் அடுக்கியிருக்கிறார்கள். வடிவமைப்பு என்று யாரும் உட்கார்ந்து யோசித்தது இல்லை. குழி எவ்வளவு நீளமோ கல்லறை அவ்வளவு நீளம். நான் பார்த்த நினைவிடங்களில் ஆளை நிறுத்துவது அது ஒன்றுதான். கல்லா மரமா என்று அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றாது.

நிலா (பிரிட்டோரியா)

சேகர் அங்கிள், ஆம்புலன்ஸ் படைக்காக இந்த ஆணையத்தை எதிர்பார்க்க முடியாது. அவர்களின் அதிகாரம் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, அப்புறம் இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. போயர் போர் அதில் வராது.

ஆனால் நம்மவர்கள் விஷயத்தில் பெயர் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,000 சொச்சம் பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. வந்தவரின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா, உடம்பில் இருக்கும் தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். ஓடிப் போனால் பிடிப்பதற்குத் தழும்பைக்கூடக் குறித்துக் கொண்ட அரசாங்கம் அது.

இங்கே பிரிட்டோரியாவில் ஃபிரீடம் பார்க் என்ற நினைவுப் பூங்காவில் இருக்கும் பெயர்ச் சுவரையும் மறக்காதீர்கள். 697 மீட்டர் நீளம். அங்கே சண்டை கல்லைப் பற்றி வரவில்லை, பட்டியலைப் பற்றி வந்தது. விடுதலைப் போரில் இறந்தவர்களும் அங்கோலாவில் இறந்த கியூபா வீரர்களும் உண்டு, பழைய அரசின் ராணுவத்தில் இறந்தவர்கள் இல்லை. இதனால் 2007இல் பெரிய தகராறு ஆனது. கடைசியில் அந்தத் தரப்பு 2009இல் எதிர்க்குன்றில் ஆப்பிரிக்கானர்களின் வூர்ட்ரெக்கர் நினைவகத்தில் தனியாக ஒரு சுவர் கட்டிக்கொண்டது. கேப் டவுனில் அந்த மாதிரிச் சண்டை வராததற்குக் காரணம், அந்த 1,772 பேரையும் எந்தக் கட்சியும் சொந்தம் கொண்டாட வரவில்லை. நம் ஸ்ட்ரெச்சர்காரர்களுக்கு ஒன்று எழுப்பினால் அப்படி இருக்காது. முதலில் காந்தி வருவார்.

சாட்ஸ்வர்த் சேகர்

வரட்டுமே! அவர்தானே படையைச் சேர்த்தார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையில் காந்தி, மறு முனையில் ஒரு தமிழ்க் கூலி. நான் இப்போதே பணம் தரத் தயார்.

டொங்காட் பார்வதி

வேண்டவே வேண்டாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர நடுவில் அவர் 1993இலிருந்து நின்று கொண்டிருக்கிறார், அது போதும். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையில் அவரை வைத்தால் மறு முனையில் இருப்பவனை யார் பார்ப்பார்கள்? நூறு பேர் பார்த்தால் நூறு பேரும், "காந்தி சிலை" என்றுதான் சொல்வார்கள். கணேசன் சொன்ன தாரே சலாம் கதைதான் இங்கேயும் நடக்கும். அங்கே பெயரில்லாத ஒரு முகம் எல்லோரையும் மறைத்தது. இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகம் மறைக்கும்.

எனக்கு 1,100 இடம் வேண்டும். பெயர் தெரிந்தவனுக்குப் பெயர். தெரியாதவனுக்கு வெறும் கம்பம், ஆனால் அவனுக்கென்று ஒன்று.

மேசைமலை முகிலன்

அக்கா, அந்த 1,100இல் பெயர் தெரியாதவர்களுக்கு வெறும் கம்பம் நட்டால் அது வேலியேதான், நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். கல்லில் செய்யுங்கள், நானும் வருகிறேன். பெயர் இல்லாத கல்லுக்குக்கூட ஒரு எடை இருக்கிறது. ஆணையமே அடையாளம் தெரியாத சிப்பாய்க்கு முழு அளவில் கல் நடுகிறது.

நாடோடி கணேசன் (ஜோகன்னஸ்பர்க்)

சேகர் அண்ணா பணம் தருவதாகச் சொன்னதை எல்லோரும் குறித்துக் கொள்ளவும்.

இழைப்புளி (பீனிக்ஸ்)

கல்லில் 1,100 என்றால் அறுக்க, செதுக்க, ஏற்றி இறக்கச் செலவு எங்கேயோ போகும். கணக்குப் போடாமல் பேசாதீர்கள். மரம் என்றால் நல்ல வைரமாகப் பார்த்து எடுத்து, ஓரத்து வெள்ளைமரத்தைச் சீவித் தள்ளிவிட்டு, தரைமேல் இரும்புச் செருப்பு மாட்டி நிறுத்தலாம். மரம் தரையைத் தொடக்கூடாது, அதுதான் முக்கியம். பெயரை ஆழமாகக் குடைய வேண்டும், மேலாகக் கீறினால் வெயில் தின்றுவிடும். பெயர் இல்லாத கம்பத்தில் கப்பல் பட்டியலில் இருக்கும் எண்ணைக் குடையலாம் என்று யாராவது சொல்லப் போகிறீர்கள் என்றால் அதற்கு நான் ஆள் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இடம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடற்கரை என்றால் உப்புக்காற்றுக்குத் தாங்குகிற ஆணிச் செலவு இரட்டிப்பாகும்.